பாரம் இழுக்கும் வண்டியின் எரிபொருட் கணக்கு

வாகனம் வைத்திருப்போர் இருவர் சந்தித்தால், சுகநலம் விசாரித்து முடிந்ததும் பெரும்பாலும் எழும் கேள்வி ஒன்றுண்டு: "உங்கள் வண்டி கலனுக்கு எத்தனை மைல் ஓடுகிறது?" கேள்வி எளிது; விடையும் ஓர் எண்தான். ஒருவர் அவ்வெண்ணைப் பெருமையுடன் கூறுவார். மற்றவர் பெருமூச்சுடன் கூறுவார். ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில், ஒரே அமைப்பில் செய்யப்பட்ட இரண்டு வண்டிகளுள் ஒன்று கலனுக்கு 20 மைல் ஓட, மற்றொன்று 11 மைல் மாத்திரமே ஓடுகின்றது. இருவரும் பொய் சொல்லவில்லை. அந்த எண் வண்டிக்கு மாத்திரம் உரியதன்று; வீதிக்கும், பாரத்துக்கும், காற்றுக்கும், சாரதியின் பாதத்துக்கும் அதிற் பங்குண்டு என்பதே இதற்குக் காரணமாகும்.

இவ்வுண்மையை மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வீதிகளாகும். பின்புறத்தில் திறந்த தட்டும் முன்புறத்தில் இருக்கைகளும் கொண்ட பிக்கப் வண்டி அங்கு பண்ணையாளனுக்கும் கட்டட வேலைக்காரனுக்கும் குதிரை வளர்ப்போனுக்கும் வலது கை போன்றது. தட்டில் ஏற்றும் பாரத்தோடு அது நிற்பதில்லை. பின்னால் ட்ரெயிலர் ஒன்றைக் கொளுவி, கால்நடைகளையும் உழவு இயந்திரங்களையும் வசிப்பதற்குரிய வீட்டு வண்டிகளையும் நூற்றுக்கணக்கான மைல் இழுத்துச் செல்வதற்கென்றே பலர் அதனை வாங்குகின்றனர். 1982ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனமும், 1983ஆம் ஆண்டு மாதிரியில் போர்ட் நிறுவனமும், 1989ஆம் ஆண்டு மாதிரியில் டொட்ஜ் நிறுவனமும் இவ்வகை வண்டிகளுக்குப் புதிய டீசல் இயந்திரங்களைப் பொருத்தின. டொட்ஜ் வண்டியில் அமைந்த கமின்ஸ் இயந்திரத்தின் முறுக்கு விசை அன்று 400 அடி-இறாத்தல். அதே வழியில் வந்த இயந்திரம் 2019ஆம் ஆண்டில் 1,000 அடி-இறாத்தலை எட்டியது. முப்பதாண்டுகளில் வலிமை இரண்டரை மடங்காயிற்று.

வலிமை வளர்ந்தது கண்டு மகிழ்பவன், அவ்வலிமைக்கு யார் பணம் கொடுப்பது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூலிக்குப் பாரம் இழுக்கும் ஒருவனுடைய வருவாயில் எரிபொருள் உண்டது போக எஞ்சியதே அவனுடைய குடும்பத்துக்கு உரியது. ஆதலால் கலனுக்கு ஒரு மைல் கூடுவதும் குறைவதும் அவனுக்கு வீண் பேச்சன்று. அது சமையலறை வரை சென்று சேரும் கணக்காகும்.

இக்கணக்கை அவன் தானே எழுதவேண்டியவனாக இருக்கிறான். அமெரிக்காவில் விற்கப்படும் சாதாரண மோட்டார் வண்டிகளின் கண்ணாடியில், அது கலனுக்கு எத்தனை மைல் ஓடும் என்ற அரசாங்க மதிப்பீடு ஒட்டப்பட்டிருக்கும். ஆனால் வண்டியும் ஏற்றக்கூடிய பாரமும் சேர்ந்து 8,500 இறாத்தலுக்கு மேற்படும் பெரிய பிக்கப் வண்டிகளுக்கு அத்தகைய சீட்டு வேண்டியதில்லை என்பது விதி. பாரம் இழுக்கும் டீசல் வண்டிகளுட் பெரும்பாலானவை இப்பிரிவைச் சேர்ந்தவை. அரசாங்கத்தின் எண் இல்லாத இடத்தில் அயலவரின் எண் புகுந்துவிடுகிறது. "இந்த வடிகட்டியைப் பூட்டினால் இரண்டு மைல் கூடும்", "அந்தக் குழாயை மாற்றினால் மூன்று மைல் கூடும்" என்ற பேச்சுக்கள் விளைவது இந்நிலத்திலேதான். அவற்றை உரைத்துப் பார்ப்பதற்கு, எரிபொருள் எங்கே போகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

டீசல் இயந்திரம் இயல்பிலேயே சிக்கனமானது. ருடோல்ப் டீசல் என்ற ஜெர்மன் பொறியியலாளர் 1893ஆம் ஆண்டில் தம் எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1897ஆம் ஆண்டில் ஔக்ஸ்பேர்க் நகரில் நடந்த சோதனையில் அவருடைய இயந்திரம், எரிபொருளில் அடங்கிய வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்குக்குச் சற்று மேலாக வேலையாக மாற்றிக் காட்டியது. அக்காலத்து நீராவி இயந்திரங்கள் அதற்குப் பல படி பின்னால் நின்றன. இன்றைய பிக்கப் வண்டியின் டீசல் இயந்திரம், தனக்கு உகந்த நிலையில் ஓடும்போது, நூற்றுக்கு 40 பங்கு அளவில் வேலையாக மாற்றவல்லது. பெற்றோல் இயந்திரத்தில் உட்செல்லும் காற்றை ஒரு கதவு அடைத்தும் திறந்தும் கட்டுப்படுத்துகிறது. குறைந்த பாரத்தில் ஓடும்போது, அடைபட்ட வாயினால் மூச்சு வாங்குவதிலேயே அதன் சக்தி சிறிது வீணாகிறது. டீசல் இயந்திரம் காற்றைத் தாராளமாக உள்வாங்கி, மிக நெருக்கி, அந்நெருக்கத்தில் எழும் வெப்பத்தினாலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. மேலும், ஒரு கலன் டீசலில் அடங்கிய வெப்பம் ஒரு கலன் பெற்றோலில் உள்ளதைவிட நூற்றுக்கு 10 பங்குக்கு மேல் அதிகம். பாரம் இழுப்போர் டீசலை நாடுவதற்கு இவையே காரணம்.

இயந்திரம் தரும் வேலை மூன்று எதிர்ப்புகளை வெல்வதற்குச் செலவாகின்றது. முதலாவது, சக்கரம் உருளும்போது எழும் தடை. டயர் தரையிற் படும் ஒவ்வொரு கணமும் நசுங்கி மீள்கிறது. அந்நசுக்கத்தில் ஒரு பங்கு சக்தி வெப்பமாகிப் போய்விடுகிறது. நல்ல தார் வீதியில் இத்தடை வண்டியின் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு எனக் கொள்ளலாம். 7,500 இறாத்தல் நிறையுள்ள பிக்கப் வண்டியை உருட்டுவதற்கு 75 இறாத்தல் விசை வேண்டும். 10,000 இறாத்தல் ட்ரெயிலரைக் கொளுவினால் இன்னும் 100 இறாத்தல் விசை வேண்டும்.

இரண்டாவது எதிர்ப்பு காற்று. மெல்ல ஓடும் வண்டிக்குக் காற்று இருப்பதே தெரியாது. வேகம் ஏற ஏற அது மதிற்சுவர் போல் முன்னின்று தடுக்கும். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 55 மைல் வேகத்தில் உள்ள எதிர்ப்பு 65 மைலில் நூற்றுக்கு 40 பங்கும், 75 மைலில் நூற்றுக்கு 86 பங்கும் கூடிவிடும். பிக்கப் வண்டி நெடிது உயர்ந்த பெட்டி போன்றது. 65 மைல் வேகத்தில் அதன்மேல் காற்று செலுத்தும் எதிர்விசையைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 150 இறாத்தல் வரும். நெடுஞ்சாலையில் வெறுமையாக ஓடும் பிக்கப் வண்டி, உருள்வதற்குச் செலவிடுவதைப்போல் இருமடங்கைக் காற்றைப் பிளப்பதற்குச் செலவிடுகிறது என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது எதிர்ப்பு மலை. கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 5,280 அடி உயரத்தில் உள்ளது. அங்கிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை, சுமார் 60 மைல் தூரத்தில், 1973ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஐசன்ஹோவர் சுரங்கப் பாதையை 11,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் அடைகிறது. கடற்கரையிலிருந்து நுவரெலியா நகருக்கு ஏறும் ஏற்றத்துக்கு இது ஏறக்குறைய ஒப்பானது. வண்டியும் ட்ரெயிலரும் சேர்ந்து 20,000 இறாத்தல் என்று கொள்வோமாயின், அந்நிறையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மாத்திரம் ஏறத்தாழ 3 கலன் டீசல் வேண்டும். சக்கரம் உருளும் செலவும் காற்றின் செலவும் அதற்குப் புறம்பானவை. மறுபுறம் இறங்கும்போது வண்டி தானாகவே உருளும். இயந்திரத்துக்கு எரிபொருள் செல்வது ஏறக்குறைய நின்றுவிடும். ஆயினும் ஏறும்போது கொடுத்தது முழுவதும் திரும்பிவருவதில்லை. பாரமான வண்டியைக் கட்டுப்படுத்த இயந்திரத் தடையும் சக்கரத் தடையும் பிடிக்கப்படும்போது, மலையில் ஏற்றி வைத்த சக்தியிற் பெரும்பகுதி வெப்பமாகிக் காற்றிற் கலந்துவிடுகிறது.

இம்மூன்றையும் மனத்திற் கொண்டால், ட்ரெயிலர் இழுப்போரிடையே வழங்கும் ஒரு தவறான எண்ணம் நீங்கும். பாரத்தின் நிறையே எரிபொருளைத் தின்கிறது என்று பலர் கருதுகின்றனர். ஏற்றமும், அடிக்கடி நின்று புறப்படும் நகர வீதியும் உள்ள இடத்தில் அது மெய்யே. சமவெளி நெடுஞ்சாலையில் நிறையைவிட உருவமே பெரிய செலவாளி. 10,000 இறாத்தல் இரும்புக் கம்பிகளைத் தாழ்ந்த தட்டு ட்ரெயிலரில் ஏற்றினால் அவை பிக்கப் வண்டியின் நிழலிலேயே மறைந்து வரும். காற்றுக்கு அவை அதிகம் தெரியமாட்டா. அதே நிறையுள்ள வீட்டு வண்டியோ 8 அடி அகலமும் தரையிலிருந்து 11 அடி உயரமும் கொண்டு, இழுக்கும் வண்டியின் தலைக்கு மேலும் இரு புறங்களிலும் துருத்தி நிற்கும். அதன் தட்டையான முகத்திற் காற்று மோதும். அதன் பின்புறத்திற் சுழல் எழுந்து பின்னோக்கி இழுக்கும். ஆதலால் வெறுமையாக 20 மைல் ஓடிய வண்டி, தாழ்ந்த பாரத்துடன் 14 மைல் ஓடுவதும் உயர்ந்த பெட்டியுடன் 10 மைல் ஓடுவதும் வியப்புக்குரியவை அல்ல. ஒரே நிறை, ஒரே இயந்திரம், ஒரே வீதி. வேறுபாடு காற்றின் முன் நிற்கும் முகத்திலேயே உள்ளது.

இதனால் பாரம் இழுப்போன் கையில் உள்ள மிகப் பெரிய சிக்கனக் கருவி எந்தக் கடையிலும் விலைக்கு வாங்கவேண்டியதன்று. அது அவனுடைய வலது பாதமாகும். எண்ணெய் நெருக்கடி மூண்ட காலத்தில், 1974ஆம் ஆண்டு, அமெரிக்க அரசாங்கம் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்ற வேக எல்லையை விதித்ததும் இக்கணக்கைப் பற்றியே. அச்சட்டம் 1995ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆனால் காற்றின் விதியை நீக்கும் சட்டம் எந்த மன்றத்திலும் இயற்றப்படவில்லை. 70 மைல் வேகத்தை 60 ஆகக் குறைத்தால் காற்றின் எதிர்ப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறையும். உயர்ந்த ட்ரெயிலருடன் 300 மைல் செல்லும் ஒருவனுக்கு இதனால் 43 நிமிடம் கூடுதலாகச் செல்லும். கலனுக்கு 9 மைல் என்றிருந்தது 11 ஆக உயருமாயின், 33 கலன் வேண்டிய இடத்தில் 27 கலன் போதும். ஒரு கலன் 4 டொலர் எனில், அந்த 43 நிமிடம் அவனுக்கு 24 டொலர் ஈட்டித் தந்தது என்பது கணக்கு.

இனி, வண்டியிற் செய்யப்படும் மாற்றங்களைக் கவனிப்போம். பிக்கப் வண்டிக்காரர் பெரும்பாலும் முதலிற் கைவைப்பது டயரில். 31 அங்குல விட்டமுள்ள டயர்களைக் கழற்றி, 35 அங்குல விட்டமும் ஆழமான பள்ளங்களும் கொண்ட டயர்களை மாட்டினால் வண்டிக்கு வீரத் தோற்றம் வருவது உண்மை. நிறையும் உருளும் தடையும் கூடுவதும் உண்மை. இங்கே கண்ணை ஏமாற்றும் ஒரு பிழையும் மறைந்திருக்கிறது. வண்டியின் மைல்மானி சக்கரத்தின் சுற்றுக்களை எண்ணியே தூரத்தைக் கூறுகிறது. பெரிய சக்கரம் ஒரு சுற்றிற் கூடிய தூரம் செல்லும். பழைய கணக்கிலேயே எண்ணும் மானிக்கு அது தெரியாது. மானி 200 மைல் என்று காட்டும்போது வண்டி உண்மையில் 226 மைல் ஓடியிருக்கும். முன்னர் கலனுக்கு 18 மைல் ஓடிய வண்டி, இப்பொழுது மானியின்படி 200 மைலுக்கு 14 கலன் குடித்தது என்றால், உரிமையாளன் 14.3 மைல் எனக் கணித்துத் தலையிற் கைவைப்பான். உண்மைத் தூரமாகிய 226ஐ 14ஆற் பிரித்தால் 16.1 மைல் வரும். இழப்பு உண்டு, ஆனால் அவன் அஞ்சிய இழப்பிற் பாதி மானியின் மயக்கம். டயர் மாற்றியவன் மானியையும் திருத்திக்கொள்ளாவிட்டால், அதன்பின் அவன் கூறும் எண்கள் எவையும் ஒப்பிடத் தக்கவை அல்ல.

பெரிய டயர் மற்றொன்றையும் மாற்றிவிடுகிறது. பின் அச்சிலுள்ள பற்சக்கரங்கள், சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்கு முன்தண்டு எத்தனை முறை சுற்றவேண்டும் என்பதை நிர்ணயிக்கின்றன. 3.73 என்ற விகிதத்துடன் வந்த வண்டிக்கு 35 அங்குல டயர் மாட்டினால், அது 3.30 விகிதமுள்ள வண்டிபோல் நடந்துகொள்ளும். வெறும் வண்டி சமவெளியில் ஓடும்போது இயந்திரம் மெதுவாகச் சுற்றுவதால் இது சிறிது நன்மையாகவும் அமையலாம். பாரம் இழுத்து மேடு ஏறும்போதோ இயந்திரம் திணறும், கியர் கீழே இறங்கும், வெப்பம் மிகும். கூடிய விகிதமுள்ள பின் அச்சு பாரத்துக்கு உகந்தது. குறைந்த விகிதமுள்ளது வெறும் ஓட்டத்துக்கு உகந்தது. ஆண்டு முழுவதும் பாரம் இழுப்பவனும், மாதத்துக்கு ஒரு நாள் மாத்திரம் இழுப்பவனும் ஒரே விகிதத்தைத் தேர்வது பொருந்தாது.

அடுத்தது வண்டியை உயர்த்தும் வழக்கம். அச்சுக்கும் உடலுக்கும் இடையே பாகங்களைச் செருகி, வண்டியைச் சில அங்குலம் மேலே தூக்குகின்றனர். கரடுமுரடான காட்டுப் பாதையில் அதற்குப் பயன் உண்டு. நெடுஞ்சாலையில், வண்டியின் அடியிலுள்ள அச்சுக்களும் குழாய்களும் காற்றுக்கு மேலும் வெளிப்பட்டு எதிர்ப்பைக் கூட்டுகின்றன. கூரை மேல் வைக்கும் சட்டங்கள், விளக்கு வரிசைகள், கனத்த இரும்புத் தாங்கிகள் ஆகியவையும் சிறு சிறு துளிகளாக எரிபொருளைக் கசியவிடுகின்றன. இதற்கு எதிர்மாறாக, பின்தட்டின் கதவை இறக்கிவிட்டால் காற்று தடையின்றிச் சென்று எரிபொருள் மிச்சமாகும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக நிலவுகிறது. காற்றுச் சுரங்கங்களில் நடந்த சோதனைகள் இதனை ஆதரிக்கவில்லை. கதவு மூடியிருக்கும்போது தட்டினுள் ஒரு காற்றுச் சுழல் தங்கி, மேலே செல்லும் காற்றுக்கு மெத்தைபோல் அமைகிறது. கதவை இறக்கினால் அச்சுழல் குலைந்து, எதிர்ப்பு பெரும்பாலும் கூடவே செய்கிறது. அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றுவது எல்லாம் அளவுகோலுக்குப் பொருந்துவதில்லை என்பதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

இயந்திரத்தின் மூச்சுக்குழலையும் மூளையையும் மாற்றுவது அடுத்த படி. காற்று வடிகட்டியை விலையுயர்ந்ததாக மாற்றினால் மைல் கூடும் என்பர். டீசல் இயந்திரம் முன்னரே தாராளமாகக் காற்றை உண்பதால், நல்ல நிலையிலுள்ள பழைய வடிகட்டிக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிதே. எரிபொருளைத் தெளிக்கும் நேரத்தையும் அளவையும் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியின் கணக்கை மாற்றுவது இதனின் வேறானது. தெளிக்கும் நேரத்தைச் சற்று முந்தவைத்தால் எரிதல் திறம்பட நடந்து, சில வண்டிகளில் எரிபொருள் குறைவதுண்டு. ஆனால் எரியும் வெப்பம் ஏறுவதால் நைதரசன் ஒட்சைட்டுக்கள் பெருகும். மேலும், இம்மாற்றத்தைச் செய்வோருட் பலர் நாடுவது மிச்சத்தை அன்று, வேகத்தை. கூட்டிய வலிமையைக் காலடியில் வைத்துக்கொண்டு அதனைப் பயன்படுத்தாதிருக்கும் துறவியர் சிலரே.

இவ்விடத்திலே எரிபொருட் கணக்கு தனிமனிதனின் பணப்பையைக் கடந்து ஊரின் மூச்சைத் தொடுகிறது. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகளின் பயனாக, டீசல் பிக்கப் வண்டிகளின் புகைக்குழாயிற் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்தப்பட்டது. பிடித்த கரியை எரித்துத் தூய்மை செய்வதற்கு வண்டி இடையிடையே கூடுதல் டீசலைச் செலவிடுகிறது. பின்னர், 2010ஆம் ஆண்டின் விதிகளையொட்டி, யூரியாக் கரைசலைத் தெளித்து நைதரசன் ஒட்சைட்டுக்களை அழிக்கும் ஏற்பாடு பரவியது. புகையைக் குழாயிலேயே தூய்மை செய்ய முடிந்ததால், பொறியியலாளர் இயந்திரத்தின் உள்ளே எரிதலை மீண்டும் சிக்கனத்தை நோக்கித் திருத்தவும் வாய்ப்புப் பெற்றனர். ஆயினும் இக்கருவிகள் எரிபொருளைத் தின்கின்றன என்று கூறி, அவற்றைக் கழற்றி எறியும் வழக்கம் வளர்ந்தது. அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தயாரித்த அறிக்கையொன்றில், முந்திய பத்தாண்டுகளில் 550,000க்கு மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளிலிருந்து இக்கருவிகள் அகற்றப்பட்டதாக மதிப்பிட்டது. அவ்வண்டிகளின் ஆயுட்காலத்தில் அதனால் வெளிவரும் மிகை நைதரசன் ஒட்சைட்டுக்கள் 570,000 தொன்னுக்கு மேற்படும் என்பதும் அம்மதிப்பீட்டின் முடிவு. அந்நாட்டின் தூய காற்றுச் சட்டம் இவ்வகழ்வைத் தடைசெய்துள்ளது. ஒருவன் கலனுக்கு ஒரு மைலோ இரண்டு மைலோ மிச்சம் பிடிக்க, அவன் கடந்து செல்லும் வீதியோரத்துப் பிள்ளையின் நெஞ்சு அதன் விலையைச் செலுத்துவது நேர்மையான சிக்கனம் ஆகாது.

விலை கொடுத்து மாற்றம் செய்ய எண்ணுவோர் வேறொரு கணக்கையும் போடல் வேண்டும். கலனுக்கு 15 மைல் ஓடும் வண்டி ஆண்டில் 15,000 மைல் ஓடினால் 1,000 கலன் குடிக்கும். 1,000 டொலர் பெறுமதியான கருவி ஒன்று அதனை 16 மைலாக உயர்த்துமாயின், செலவு 937 கலன் ஆகும். மிச்சம் 62 கலனுக்குச் சற்று மேல். கலன் 4 டொலர் வீதம் அது 250 டொலர். போட்ட பணம் திரும்பிவர நான்கு ஆண்டுகள் செல்லும். விற்பவன் சொன்ன ஒரு மைல் உண்மையாயிருந்தாற்றான் இதுவும் நிகழும்.

கலனுக்கு மைல் என்ற அளவே மனத்தை மயக்கவல்லது. 20 மைல் ஓடும் வண்டியை 24 ஆக உயர்த்தியவன் நான்கு மைல் வென்றதாகக் கொண்டாடுவான். பாரத்துடன் 10 மைல் ஓடுவதை 12 ஆக உயர்த்தியவன் இரண்டு மைல்தானே என்று சலிப்பான். 600 மைல் பயணத்தில் முன்னவன் மிச்சம் பிடித்தது 5 கலன். பின்னவன் மிச்சம் பிடித்தது 10 கலன். ஆகையால் சிக்கனத்துக்கான முயற்சியை, எரிபொருள் அதிகமாகச் செலவாகும் நேரத்திலேயே, அதாவது பாரம் இழுக்கும் நேரத்திலேயே, செலுத்துதல் அறிவுடைமை.

நேர்மையாக அளப்பது எவ்வாறு? தாங்கியை முழுதும் நிரப்பி, மைல்மானியின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓடிய பின் அதே நிலையத்தில், அதே அளவுக்கு மீண்டும் நிரப்பி, வார்த்த கலன்களால் ஓடிய மைல்களைப் பிரிக்க வேண்டும். ஒரு முறை நிரப்பி முடிவு கூறுவது தவறு. தாங்கியில் நுரை எழுந்து ஒரு கலன் முன்பின்னாகலாம். மூன்று நான்கு முறை நிரப்பிச் சராசரி காண்பதே தக்கது. எதிர்க்காற்று, குளிர், ஏற்றம், நகர நெரிசல் ஆகியவற்றையும் குறிப்பேட்டில் எழுதவேண்டும். டயரின் காற்றழுத்தம் முன்பும் பின்பும் ஒன்றாயிருத்தல் வேண்டும். அழுத்தம் குறைந்த டயர் தானே ஒரு மறைந்த பாரம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். டயரையும் வடிகட்டியையும் குழாயையும் ஒரே நாளில் மாற்றியவன், எது கொடுத்தது எது எடுத்தது என்பதை என்றுமே அறியமாட்டான். புதுக் கருவிக்குப் பணம் கொடுத்தவன் அந்த வாரத்தில் தன்னையறியாமல் மெதுவாக ஓட்டுவதும் உண்டு. அவ்வாறு கிடைத்த மிச்சத்தின் புகழ் கருவிக்குச் சென்றுவிடுகிறது.

எண்ணை ஒப்பிடும்போது அளவின் பெயரையும் கேட்டறிதல் நன்று. அமெரிக்கக் கலன் 3.79 லீற்றர், இலங்கையில் முன்னர் வழங்கிய பிரித்தானியக் கலன் 4.55 லீற்றர். அமெரிக்கக் கணக்கில் கலனுக்கு 20 மைல் என்பது பழைய இலங்கைக் கணக்கில் 24 மைல். இன்றைய கணக்கில் லீற்றருக்கு 8.5 கிலோமீற்றர். கடலுக்கு அப்பாலுள்ள ஒருவரின் எண்ணைக் கேட்டுத் தம் வண்டியை நொந்துகொள்ள வேண்டிய தேவை இல்லை.

இவை யாவும் தொலைதூர நாட்டின் பெரிய வண்டிகளைப் பற்றியவையாயினும், காற்றும் மலையும் உருளும் தடையும் எல்லா நாட்டுக்கும் பொதுவானவை. 2022ஆம் ஆண்டில் இலங்கையின் எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசையில் நின்றோரும், அதன்பின் வாராந்தப் பங்கீட்டிற் கிடைத்த லீற்றர்களைக் கொண்டு தொழிலை நடத்தியோரும், ஒரு லீற்றரின் பெறுமதியைப் புத்தகம் படித்து அறியவேண்டியவர்கள் அல்லர். மரக்கறி ஏற்றி மலைநாட்டிலிருந்து இறங்கும் பிக்கப் வண்டிக்கும், வயலுக்கு உரம் கொண்டு செல்லும் வண்டிக்கும் இதே கணக்குத்தான். டயரில் அளவான காற்று, கூரையில் வேண்டாத சுமை இன்மை, பாரத்தைத் தாழ்வாக அடுக்கிப் படங்கை இறுகக் கட்டுதல், ஏற்றத்துக்கு முன் அவசரப்படாத வேகம், ஒரு சிறு குறிப்பேடு ஆகிய ஐந்துக்கும் செலவு மிகச் சிறிது.

கலனுக்கு எத்தனை மைல் என்ற கேள்விக்கு வண்டி தனித்து விடை கூறுவதில்லை. எதை இழுக்கிறோம், எவ்வளவு உயரமாக அடுக்குகிறோம், எத்தனை வேகத்திற் செல்கிறோம் என்பவற்றுக்கு ஏற்பவே அது விடை கூறும். அவ்விடையைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பவனை விளம்பரமும் அயலவர் பேச்சும் எளிதில் ஏமாற்றமாட்டா.